வங்கி கணக்கு தர மறுத்தால்: அமெரிக்காவில் செகண்ட் சான்ஸ் செக்கிங் கணக்குக்கு ஒரு வழிகாட்டி

கிரெடிட் ஸ்கோர் 780 என்று நன்றாக வைத்திருப்பவருக்கும் அமெரிக்காவில் ஒரு சாதாரண செக்கிங் கணக்கு (அன்றாட வரவு செலவுக்கான வங்கிக் கணக்கு) மறுக்கப்படலாம். கார் லோன் தருகிறவர்கள் பார்க்கும் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற கிரெடிட் நிறுவனங்களின் அறிக்கைகளில் உங்கள் செக்கிங் கணக்கு எப்படி நடந்தது என்ற விவரம் பொதுவாக இருக்காது. அதற்கென்று தனிப் பதிவேடுகள் இருக்கின்றன. அவற்றை நடத்துகிறவர்களில் முக்கியமானவை இரண்டு: செக்சிஸ்டம்ஸ், எர்லி வார்னிங் சர்வீசஸ். இரண்டாவது பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், ஆனால் நீங்கள் வாடகையைப் பிரித்துக்கொள்ள ஜெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதை நடத்துவது அவர்கள்தான். பழைய கணக்கு ஒன்று மைனஸில் போய் வங்கியே அதை மூடியிருந்தால், அந்தத் தகவல் இந்த இடங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். செக்சிஸ்டம்ஸில் வழக்கமாக 5 ஆண்டு, எர்லி வார்னிங்கில் 7 ஆண்டு வரை. அதுவரை புதிதாகக் கணக்கு கேட்கும் இடத்தில் எல்லாம் அது எட்டிப் பார்க்கும்.

இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக வங்கிகளும் கிரெடிட் யூனியன்களும் (உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவு நிதி நிறுவனங்கள்) வைத்திருப்பதுதான் செகண்ட் சான்ஸ் கணக்கு. வசதிகளைக் கொஞ்சம் குறைத்து, செக் புத்தகம் இல்லாமல், சில இடங்களில் தள்ளுபடியே கிடைக்காத மாதக் கட்டணத்தோடு தருவார்கள். ஒழுங்காக ஓர் ஆண்டு நடத்தினால் சாதாரணக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பலருக்கு இந்தப் பெயர் போட்டு விற்கப்படும் கணக்கே தேவைப்படாது என்பது என் கருத்து. பிரச்சினை என்ன என்று பார்த்தால் பாதிப் பேருக்குப் பழைய பாக்கியைக் கட்டுவதிலேயே, அல்லது ஒரு தவறான பதிவை எடுக்க வைப்பதிலேயே கதவு திறந்துவிடும். அதனால்தான் எந்த வங்கி என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்கிறேன்.

முதலில் ரிப்போர்ட்

வங்கி உங்களை மறுத்தால், எந்த நிறுவனத்தின் தகவலை வைத்து மறுத்தது என்பதை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், இது சட்டம். கவுண்ட்டரில் இருப்பவருக்கு அந்த விவரம் பெரும்பாலும் தெரியாது. திரையில் 'மறுப்பு' என்று மட்டும்தான் வரும், அவரிடம் வாதாடிப் பயனில்லை. கடிதம் தபாலில் வரும், இணையத்தில் விண்ணப்பித்திருந்தால் மின்னஞ்சலிலும் வரலாம். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் பெயர் குறிப்பிடப்பட்ட நிறுவனத்திடமிருந்து 60 நாட்களுக்குள் கேட்டால் ரிப்போர்ட் இலவசம். மறுக்கப்படாவிட்டாலும் 12 மாதத்துக்கு ஒரு முறை இலவசமாகக் கேட்கலாம். செக்சிஸ்டம்ஸ், எர்லி வார்னிங் இரண்டுக்குமே இது பொருந்தும். இரண்டையும் வாங்குங்கள். ஒன்றில் ஒன்றுமே இல்லாமல் இன்னொன்றில் பெரிதாக ஏதாவது இருப்பது நடக்கிற விஷயம்தான்.

இவற்றை அவரவர் இணையதளத்தில் அல்லது தொலைபேசியில், தபாலில் கேட்கலாம். காசு கேட்கும் தளம் எதுவும் வேண்டாம். செக்சிஸ்டம்ஸ் 100 முதல் 899 வரை ஒரு ஸ்கோரும் போடுகிறது, அதையும் கேட்டு வாங்கலாம், ஆனால் அந்த எண்ணைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பதைவிட உள்ளே எழுதியிருப்பதைப் படிப்பதுதான் உருப்படியான வேலை.

ஒரு சின்ன விஷயம். ஏதாவது ஒரு டேட்டா திருட்டுச் செய்தியைப் பார்த்துப் பயந்து உங்கள் செக்சிஸ்டம்ஸ் கோப்பை ஃப்ரீஸ் செய்து வைத்திருந்தீர்களா? அப்படியானால் வங்கியால் அதைப் பார்க்க முடியாது, பார்க்க முடியாததால் மறுத்துவிடும். உங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஃப்ரீஸைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு மறுபடி விண்ணப்பித்தால் போதும். இதைப் பார்க்காமலேயே செகண்ட் சான்ஸ் கணக்குக்கு மாதம் 12 டாலர் கட்டுவது வீண்.

ரிப்போர்ட் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது உங்களைப் பற்றிப் புகார் கொடுத்த வங்கியின் பெயர், தேதி, காரணம், தொகை, கட்டப்பட்டதா இல்லையா என்ற நிலை. அதற்குக் கீழே, உங்களைப் பற்றி யார் யார் விசாரித்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். குறுகிய காலத்தில் பல வங்கிகளில் விண்ணப்பித்திருந்தால் அந்தப் பட்டியலே உங்களுக்கு எதிராகப் பேசும். மறுத்த ஆத்திரத்தில் ஒரே இரவில் ஐந்து வங்கிகளில் ஆன்லைனில் முயற்சி செய்கிறவர்கள் இதில்தான் இன்னும் ஆழமாக மாட்டுகிறார்கள்.

எழுதியிருப்பது உண்மைதான் என்றால்

நம் ஆட்களிடம் அதிகம் பார்ப்பது இந்த மாதிரி. மாணவராக வந்தவர், படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பிவிட்டார். கணக்கில் 40 டாலர் இருந்தது, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். மாணவர் சலுகைக் காலம் முடிந்ததும் வங்கி மாதம் 12 டாலர் பராமரிப்புக் கட்டணம் எடுக்க ஆரம்பிக்கிறது. 28, 16, 4, அப்புறம் மைனஸ் 8, அடுத்த மாதம் மைனஸ் 20. கடிதங்கள் எல்லாம் பழைய அபார்ட்மெண்டுக்குப் போகின்றன, அங்கே இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். சில வாரம் பார்த்துவிட்டு வங்கி கணக்கை மூடி, 20 டாலரை வாராக்கடன் என்று எழுதிவிட்டு, செக்சிஸ்டம்ஸுக்குச் சொல்லிவிடுகிறது. மூன்று ஆண்டு கழித்து ஹெச்-1பி விசாவில் வந்து இறங்குகிறவர், சம்பளம் போடக் கணக்கு எண் கேட்கிறார்களே என்று வங்கிக்குப் போனால் அங்கே 20 டாலர் காத்துக்கொண்டிருக்கிறது.

இந்த மாதிரி சின்னத் தொகை என்றால் கட்டிவிடுங்கள், விவாதமே வேண்டாம். ஆனால் யாரிடம் கட்டுவது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வங்கியைக் கூப்பிட்டு, மூடப்பட்ட கணக்குகளைப் பார்க்கும் பிரிவுக்கு மாற்றச் சொல்லி, கடன் இன்னும் உங்களிடம் இருக்கிறதா, கலெக்‌ஷன் நிறுவனத்துக்குப் போய்விட்டதா என்று கேளுங்கள். வங்கியிடமே இருந்தால் நல்லது. பேசும்போதே மூன்று விஷயம் கேளுங்கள்: முழுத் தொகையைக் கட்டினால் பதிவை நீக்குவீர்களா, நீக்க முடியாது என்றால் 'கட்டப்பட்டது' என்று மாற்ற எத்தனை நாள் ஆகும், கட்டியதற்கு உங்கள் வங்கித் தலைப்பிட்ட கடிதம் எப்போது வரும். நீக்க வேண்டும் என்று சட்டக் கட்டாயம் இல்லை, உண்மையான பதிவை அவர்கள் காலம் முடியும்வரை வைத்திருக்கலாம். ஆனால் கட்டியதைக் கட்டப்பட்டதாகக் காட்டித்தான் ஆக வேண்டும். தொகை சின்னதாக, காரணம் நியாயமாக இருந்தால் சில வங்கிகள் மனமிரங்கி நீக்குவதும் உண்டு. கேட்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது? அந்தக் கடிதம் கைக்கு வந்ததும் ஸ்கேன் செய்து இரண்டு மூன்று இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு இன்னும் திருத்தப்படாத நிலையிலும், அந்தக் கடிதத்தைக் காட்டினால் கணக்கு கொடுக்கும் கிளைகள் உண்டு.

கலெக்‌ஷன் நிறுவனத்துக்குப் போயிருந்தால் கொஞ்சம் நிதானம் தேவை. அவர்கள் முதலில் தொடர்பு கொண்டபின் அனுப்பும் அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள், இந்தக் கடன் என்னுடையதுதான் என்று நிரூபியுங்கள் என எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நிரூபிக்கும் வரை வசூல் முயற்சியை அவர்கள் நிறுத்தி வைக்க வேண்டும். கடன் ரொம்பப் பழையது என்றால் இன்னொரு கவனம். பல மாநிலங்களில் ஒரு சின்னத் தொகையைக் கட்டினாலே வழக்குப் போடும் காலக்கெடு மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடலாம். அதனால் 'இப்போதைக்கு ஒரு பத்து டாலர் போடுங்கள் சார்' என்று தேனாகப் பேசினால் உடனே கார்டு நம்பரைச் சொல்லிவிடாதீர்கள். பெரிய தொகையைக் குறைத்துப் பேசி முடித்தால், தள்ளுபடியான பகுதி 600 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால் வரிக் கணக்கில் அது வருமானமாக வந்து நிற்கலாம், 1099-சி என்று ஒரு படிவம் வரும். பேரம் பேசும்போதே இதையும் மனதில் வையுங்கள்.

கூட்டுக் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ரூம்மேட்டோடு வாடகைக்காகச் சேர்ந்து திறந்த கணக்கை அவர் மைனஸில் தள்ளிவிட்டுப் போனாலும் இரண்டு பேர் பெயரிலும் பதிவு விழும். நான் ஒரு டாலர்கூட எடுக்கவில்லை என்பது வங்கிக்கு ஒரு பதில் ஆகாது. கட்டிவிட்டு அவரிடம் வசூல் செய்துகொள்ள வேண்டியதுதான்.

எழுதியிருப்பது தவறு என்றால்

தொகை தவறு, ஏற்கனவே கட்டியாகிவிட்டது, கணக்கே உங்களுடையது இல்லை, காலம் முடிந்தும் பதிவு நிற்கிறது, இவற்றில் எது என்றாலும் செக்சிஸ்டம்ஸிடமும் அந்த வங்கியிடமும் இரண்டு பேரிடமும் பதிவு தவறு என்று மறுப்பு (டிஸ்ப்யூட்) எழுதுங்கள். பக்கம் பக்கமாகக் கதை எழுத வேண்டாம். எந்தப் பதிவு, அதில் எந்த வரி தவறு, சரியானது என்ன, இணைத்திருக்கும் ஆதாரம் எது, நீங்கள் கேட்பது நீக்கமா திருத்தமா, இவ்வளவுதான். 'மார்ச் மாதம் பாக்கி 184 டாலரைக் கட்டிவிட்டேன், வங்கியின் ரசீது இணைப்பு, நிலையைக் கட்டப்பட்டது என மாற்றவும்' என்பதுபோல ஒவ்வொன்றும் ஒரு வரியில் அடங்கட்டும். தபாலில் அனுப்பினால் சர்டிஃபைடு மெயில் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுவாக 30 நாட்களில் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும், நடுவில் நீங்கள் புதிய ஆவணம் எதையாவது அனுப்பினால் 45 வரை நீளலாம். அதனால் எல்லாவற்றையும் முதல் தடவையே அனுப்பிவிடுவது நல்லது. வங்கியால் உறுதிப்படுத்த முடியாத பதிவை நீக்க வேண்டும். வங்கி 'சரிதான்' என்று சொல்லிவிட்டால் உங்கள் தரப்பை ஒரு சிறு விளக்கமாக, 100 வார்த்தைக்குள், கோப்பில் சேர்க்கச் சொல்லலாம். வெளிப்படையாக அநியாயம் என்றால் சி.எஃப்.பி.பி. என்ற நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் புகார் போடுங்கள், பத்து நிமிட வேலை, இலவசம். கிளையில் யாரும் கண்டுகொள்ளாத விஷயம் சில சமயம் அங்கே புகார் போன பிறகு மேலிடத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டுப் பேசுகிற அளவுக்கு நகரும்.

உங்கள் பெயரில் வேறு யாரோ கணக்கு திறந்து ஏமாற்றியிருந்தால் அது அடையாளத் திருட்டு. எஃப்.டி.சி. என்ற அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் ஐடென்டிட்டி தெஃப்ட் தளத்தில் புகார் பதிந்து, வரும் அறிக்கையோடு அடையாளச் சான்றையும் வைத்து அனுப்பினால் அந்தப் பதிவை 4 வேலை நாட்களுக்குள் முடக்க வேண்டும். சாதாரண மறுப்பைவிட இது வேகமான வழி.

மோசடி என்று எழுதியிருந்தால்

இதுதான் சிக்கலானது. மாணவர்கள் அதிகம் விழுகிற குழி ஒன்று உண்டு. வீட்டிலிருந்தே வேலை, அலுவலகச் சாமான் வாங்க முன்பணம் என்று சொல்லி 2,400 டாலருக்கு ஒரு செக் அனுப்புவார்கள். மொபைலில் டெபாசிட் செய்கிறீர்கள், மறுநாளே கணக்கில் ஒரு பகுதி காட்டுகிறது. அதிலிருந்து 1,900 டாலரை ஜெல் மூலம் 'சப்ளையருக்கு' அனுப்பச் சொல்வார்கள். பணம் கணக்கில் தெரிகிறதே, அப்புறம் என்ன என்று தோன்றும். ஆனால் செக் பணமாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம் இல்லை. செக் உண்மையிலேயே பணமாவதற்கு முன்பே ஒரு தொகையை வங்கி எடுக்கவிடுவதால்தான் அது முன்கூட்டியே காட்டப்படுகிறது. செக் போலி என்று தெரிய சில நாளோ சில வாரமோ ஆகலாம். தெரிந்ததும் 2,400-ம் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டு, கணக்கு மைனஸில் போய், சந்தேகத்துக்குரிய மோசடி என்ற முத்திரையோடு மூடப்படுகிறது.

இந்த முத்திரை இருந்தால் பெரும்பாலான செகண்ட் சான்ஸ் கணக்குகளும் கிடைக்காது. 'பழைய பாக்கி பரவாயில்லை, மோசடி மட்டும் கூடாது' என்பதுதான் பல இடங்களில் விதி. பாக்கியைக் கட்டினாலும் முத்திரை தானாகப் போகாது. அதனால் அந்த வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவோடுதான் பேசியாக வேண்டும். ஏமாற்றியவரின் மின்னஞ்சல்கள், வேலை விளம்பரத்தின் படம், காவல் நிலையப் புகார், நீங்களும் பணத்தை இழந்தீர்கள் என்று காட்டும் ஸ்டேட்மெண்ட் எல்லாவற்றையும் வரிசையாகக் கொடுத்து, நான் செய்தவன் இல்லை, ஏமாற்றப்பட்டவன், காரணத்தை மாற்றுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு தடவையில் முடியாது. முடியவே இல்லை என்றால் நுகர்வோர் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞரைப் பாருங்கள். இந்தப் பதிவேடுகளைக் கட்டுப்படுத்தும் ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் ஆக்ட் என்ற சட்டத்தில் ஜெயித்தால் வக்கீல் கட்டணத்தை எதிர்த்தரப்பு கொடுக்க வேண்டும் என்பதால் வலுவான வழக்கு என்றால் முன்பணம் இல்லாமல் எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

'உன் கணக்கில் கொஞ்சம் பணம் போடுகிறேன், அப்படியே இன்னொருவருக்கு அனுப்பிவிடு, உனக்கு நூறு டாலர்' என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான். தெரிந்த பையனாக இருந்தாலும் சரி.

எந்தக் கணக்கு எடுப்பது

இப்போது ரிப்போர்ட் கையில் இருக்கிறது, பாக்கியைக் கட்டியாகிவிட்டது அல்லது மறுப்பு எழுதியாகிவிட்டது, ஆனாலும் பதிவு இன்னும் சில ஆண்டுகள் நிற்கும், சம்பளம் போடக் கணக்கு உடனே வேண்டும். இங்கிருந்துதான் தேடல்.

முதலில் பார்க்க வேண்டியது 'பேங்க் ஆன்' சான்று பெற்ற கணக்குகள். நியூயார்க்கில் இருக்கும் சிட்டீஸ் ஃபார் ஃபைனான்ஷியல் எம்பவர்மெண்ட் ஃபண்ட் என்ற அமைப்பு 2015-லிருந்து ஒரு தரக் கோட்பாடு வைத்திருக்கிறது: தொடங்க 25 டாலருக்கு மேல் கேட்கக்கூடாது, ஓவர்டிராஃப்ட் (இருப்பைவிட அதிகம் எடுப்பது) கட்டணம் கூடாது, மாதக் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பெரிய வங்கிகளிலேயே இப்படிப்பட்டவை இருக்கின்றன. சேஸ் வங்கியின் செக்யூர் பேங்கிங், பேங்க் ஆஃப் அமெரிக்காவின் சேஃப் பேலன்ஸ், வெல்ஸ் ஃபார்கோவின் கிளியர் ஆக்சஸ் ஆகியவை இந்த வகை. மாதக் கட்டணம் 5 டாலரை ஒட்டி இருக்கும், சில நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தால் அதுவும் தள்ளுபடி. செகண்ட் சான்ஸ் என்று பெயர் இருக்காது, ஆனால் வேலை அதேதான். பேங்க் ஆன் தளத்தில் உங்கள் பகுதியைக் கொடுத்துத் தேடினால் உள்ளூர்ச் சின்ன வங்கிகளும் வரும். சான்று இருப்பதால் மட்டும் உங்களை மறுக்கமாட்டார்கள் என்று அர்த்தமில்லை, இவர்களும் பழைய பதிவைப் பார்க்கலாம். ஆனால் ஓவர்டிராஃப்டுக்கே வழியில்லாத கணக்கு என்பதால் அவர்களுக்கு ஆபத்து குறைவு, அதனால் கொஞ்சம் இறங்கி வருவார்கள். பாக்கி வைத்த அதே வங்கிக்கு மட்டும், பாக்கியைத் தீர்க்காமல் போகாதீர்கள்.

அடுத்தது கிரெடிட் யூனியன். உறுப்பினராகச் சேர ஒரு சேமிப்புக் கணக்கில் 5 டாலரோ கொஞ்சம் கூடவோ போட வேண்டியிருக்கும், வேலை செய்யும் இடம், வசிக்கும் கவுண்டி என்று ஏதாவது ஒரு தகுதி கேட்பார்கள். நேரில் போவதில் இங்கேதான் பலன் அதிகம். ஆன்லைனில் விண்ணப்பித்தால் கணினியே மறுத்துவிட்டுப் போய்விடும், கிளையில் ஒரு மனிதர் உட்கார்ந்து உங்கள் ரசீதையும் ஆஃபர் லெட்டரையும் பார்த்து முடிவு செய்ய இடம் இருக்கும். விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: 'எனக்குச் செக்சிஸ்டம்ஸில் ஒரு பதிவு இருக்கிறது, இவ்வளவு தொகை, கட்டிவிட்டேன், உங்களிடம் இந்த நிலைமைக்கு ஏற்ற கணக்கு இருக்கிறதா?' இப்படி நேராகக் கேட்டால் இல்லை என்பதும் நேராக வந்துவிடும், விசாரணைப் பட்டியலில் இன்னொரு வரி ஏறாது.

மூன்றாவதாகத்தான் செகண்ட் சான்ஸ், ஃப்ரெஷ் ஸ்டார்ட் என்று பெயர் போட்டே வரும் கணக்குகள். இவற்றில் கட்டணத்தைக் கூர்ந்து பாருங்கள். மாதம் 4.95 என்றால் ஆண்டுக்கு 59.40 டாலர், மாதம் 12 என்றால் 144. சிலவற்றில் டைரக்ட் டெபாசிட் (சம்பளம் நேராகக் கணக்கில் விழுவது) கட்டாயம், சிலவற்றில் ஒரு சின்ன நிதிப் பாடம் முடிக்கச் சொல்வார்கள். எத்தனை மாதத்தில் சாதாரணக் கணக்காக மாறும், தானாக மாறுமா, நீங்கள் கேட்க வேண்டுமா என்பதை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். மாறவே வழியில்லாத கணக்குக்கு அந்தப் பெயர் வைத்திருந்தால் அது விளம்பரம் மட்டும்தான்.

சம்பளத்தை நண்பர் கணக்கில் போட்டு வாங்கிக்கொள்கிறேன் என்ற யோசனை வேண்டாம். பெயர் பொருந்தாத சம்பளம் வந்து விழுந்தால் அவருடைய கணக்கும் முடங்கலாம், அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டியிருக்கும்.

ஆப் வழியாகத் தருகிறவர்கள்

சைம், வேரோ போன்றவை செக்சிஸ்டம்ஸைப் பார்ப்பதில்லை, அதனால் எளிதாகக் கிடைக்கும், மாதக் கட்டணமும் இல்லை. அவசரத்துக்கு நல்ல வழிதான். ஆனால் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு போங்கள். வேரோ 2020-இல் வங்கி உரிமம் வாங்கிய வங்கி. சைம் வங்கி இல்லை, பணம் பேங்கார்ப், ஸ்டிரைடு என்ற கூட்டாளி வங்கிகளில் இருக்கும். வங்கி திவாலானால் 2,50,000 டாலர் வரை எஃப்.டி.ஐ.சி. என்ற அரசு அமைப்பின் டெபாசிட் காப்பீடு உண்டு, ஆனால் நடுவில் நிற்கும் நிறுவனம் திவாலானால் அந்தக் காப்பீடு வேலை செய்யாது. 2024-இல் சினாப்ஸ் என்ற இடைநிலை நிறுவனம் திவாலானபோது, அதன் மேல் ஓடிய ஆப்களில் பணம் வைத்திருந்தவர்கள் பல மாதம் சொந்தப் பணத்தை எடுக்க முடியாமல் நின்றார்கள். யாருடைய பணம் எந்த வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கே பொருந்தவில்லை. அதற்காக ஆப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்பளம் வந்து வாடகை போகிற அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மொத்தச் சேமிப்பையும் அங்கே கொட்டாதீர்கள். சேர்வதற்கு முன் கூட்டாளி வங்கியின் பெயரை எஃப்.டி.ஐ.சி. தளத்தில் ஒரு முறை தேடிப் பாருங்கள்.

'செக்சிஸ்டம்ஸ் பதிவை 200 டாலரில் சுத்தம் செய்து தருகிறோம்' என்பவர்கள் நீங்களே இலவசமாகச் செய்யக்கூடிய மறுப்புக் கடிதத்தைத்தான் எழுதுவார்கள். இதைவிட மோசம், சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்குப் பதிலாக சி.பி.என். என்று ஓர் எண்ணை விற்கிறவர்கள். அது பெரும்பாலும் வேறு யாருடைய எண்ணாகவோ, ஒரு குழந்தையின் எண்ணாகவோ இருக்கும். அதை வைத்துக் கணக்கு திறந்தால் குற்ற வழக்கு, விசாவில் இருப்பவர்கள் அதன் பின்விளைவை யோசித்துப் பாருங்கள்.

கணக்கு கிடைத்த பிறகு

ஓவர்டிராஃப்ட் வசதி வேண்டுமா என்று ஒரு பெட்டியில் டிக் கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள். 2010-லிருந்து, நீங்கள் சம்மதிக்காமல் ஏ.டி.எம். எடுப்புக்கோ ஒற்றை டெபிட் கார்டுச் செலவுக்கோ ஓவர்டிராஃப்ட் கட்டணம் போட முடியாது. கார்டு மறுக்கப்படும், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பாதுகாப்பு செக்குக்கும் ஆட்டோபேக்கும் கிடையாது. ஜிம், போன் பில், இன்ஷூரன்ஸ் என்று தானாக இழுக்கும் ஒவ்வொன்றும் பணம் இல்லாத நாளில் வந்து நின்றால் கட்டணம் விழும் கணக்குகள் இன்னும் இருக்கின்றன. அதனால் முதல் சில மாதம் ஆட்டோபே எதையும் இந்தக் கணக்கில் கட்டாமல், பில் வந்ததும் நீங்களே தள்ளிவிடுவது பாதுகாப்பு. கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சம்பளம் வந்த அடுத்த ஓரிரு நாளில் விழும்படி தேதியை மாற்றச் சொல்லுங்கள், பெரும்பாலான கம்பெனிகள் மாற்றித் தருவார்கள்.

இருப்பு 100 டாலருக்குக் கீழே போனால் போனில் அலர்ட் வரும்படி வையுங்கள். பெட்ரோல் பங்க்கில் கார்டு செருகினால் போட்ட தொகையைவிடப் பெரிய தொகை கொஞ்ச நேரம் பிடித்து வைக்கப்படும், ஓட்டலில் இன்னும் அதிகம். இருப்பு குறைவாக இருக்கும்போது இது காலை வாரிவிடும். புதுக் கணக்கில் முதல் 30 நாள் டெபாசிட் செய்த செக்குகளை வங்கி கூடுதல் நாள் நிறுத்தி வைக்கலாம், அதை நம்பி வாடகை எழுதாதீர்கள். செக் புத்தகம் இல்லாத கணக்கு என்றால், செக் மட்டும்தான் வாங்குவேன் என்கிற வீட்டுக்காரருக்கு மணி ஆர்டர் கொடுக்கலாம், தபால் அலுவலகத்தில் ஒன்றுக்கு 1,000 டாலர் வரை கிடைக்கும். ஊருக்குப் பணம் அனுப்பும் ஆப்கள் சில புதுக் கணக்குகளை இணைக்க முரண்டு பிடிக்கும், டெபிட் கார்டு வழியாக முயன்று பாருங்கள், கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

ஓர் ஆண்டு மைனஸ் இல்லாமல் ஓடிவிட்டது என்றால் நீங்களே போய்க் கேளுங்கள், அவர்களாக நினைவு வைத்துக் கூப்பிடுவது அபூர்வம். அதற்கு முன் செக்சிஸ்டம்ஸ் ரிப்போர்ட்டை மறுபடி ஒரு முறை இலவசமாக எடுத்து, பழைய பதிவு கட்டப்பட்டதாகக் காட்டுகிறதா, 5 ஆண்டு ஆகியிருந்தால் விழுந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே வங்கியில் மாற்றித் தருகிறார்கள் என்றால் கணக்கு எண் மாறுமா என்று கேளுங்கள். வேறு வங்கிக்குப் போகிறீர்கள் என்றால் புதுக் கணக்கில் இரண்டு சம்பளம் வந்து விழும் வரை பழையதை மூடாதீர்கள். எல்லா ஆட்டோபேயையும் மாற்றிய பிறகு ஒரு முழு மாத ஸ்டேட்மெண்ட் காலத்தை ஓடவிட்டு, எதுவும் இழுக்கவில்லை என்று உறுதியானதும் இருப்பைப் பூஜ்யமாக்கி மூடச் சொல்லி, மூடியதற்கான கடிதத்தை வாங்கிவிடுங்கள். மூடிய கணக்கில் மறந்துபோன ஒரு சந்தா வந்து முட்டி, வங்கி கணக்கை மறுபடி திறந்து கட்டணம் போட்ட கதைகள் உண்டு. அப்படிச் செய்வது நியாயமற்ற நடைமுறையாகக் கருதப்படலாம் என்று சி.எஃப்.பி.பி. 2023-இல் எச்சரித்தது, ஆனால் 2025-இல் அந்த வழிகாட்டுதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த நிலைமை வந்தால் வங்கியிடம் நீட்ட வேண்டியது அந்தக் கடிதத்தைத்தான்.